ஜேக்கப் வீட்டுக் கடல்

மீன் என்றால் எனக்குச் சட்டியில் பார்த்துத்தான் பழக்கம். அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, விளக்குப் போட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற கூத்தை ஜேக்கப் வீட்டில்தான் பார்த்தேன். கடலூர் முதுநகரில் கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது. "நடந்து போனா ஓசில பாக்கலாம், இதுக்குப் போயி கரண்டு எரிக்கிறியே, ஒனக்கு அறிவு கிறிவு இருக்கா?" என்று நான் திட்டாத நாளில்லை. "அது ஊருக் கடலு மச்சான், இது என் கடலு" என்பான் அவன்.

நான் சபாபதி. பைப், வால்வு, மோட்டார் விற்கிற கடை வைத்திருக்கிறேன். ஜேக்கப் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டினவன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. அவன் மனைவி பாக்கியமேரி என்னை அண்ணே என்பாள். அந்த முறையில் அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மாப்பிள்ளை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவன் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

தொட்டிக்கு நடுவில் ஒரு கடல் சாமந்தி, பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் பிராணிதான், விரல் விரலாக ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் புகுந்து புகுந்து வரும் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டவை, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்தவை. பாறை மேல் மெத்து மெத்தென்று மென்பவளம். கல்லுப் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது, அவனும் தொட்டதில்லை. தொட்டியின் ஓரத்தில் ஒரு குழலுக்குள் எந்நேரமும் நுரை பொங்கும். மீன் கழிவையும் தின்ற மிச்சத்தையும் அந்த நுரைதான் மேலே தூக்கி வெளியே தள்ளும்.

நுரை எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் பழசாகும். பழசில் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே அளவு புதுக் கடல்தண்ணீர் விட வேண்டும். விசைப்படகு ஓட்டுகிற காத்தவராயன் ஆழத்துக்குப் போகையில் கேன்களில் பிடித்து வருவான். கரையோரத் தண்ணீர் உதவாது, கெடிலமும் பெண்ணையாறும் வந்து விழுந்து உப்பு நீர்த்திருக்கும். கேன்களை ஜேக்கப் தோளில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வருவான். வேட்டி முழுக்க நனைந்திருக்கும். "மாப்ள கடல வீட்டுக்குத் தூக்கிக்கினு போறாரு டோய்" என்று தெருவில் கிண்டல் அடிப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். நல்ல உடம்பு அப்போது.

அந்த உடம்புக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டான். நான் என்ன சொல்லியும் கேட்காத கழுதை. டயாலிசிஸுக்குச் சிதம்பரத்தில் இடம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் விடிவதற்குள் பஸ் ஏறி, நாற்காலியில் சாய்ந்து கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் வாடி வதங்கி வருவான். ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐஸ் கம்பெனி வேலை போயிற்று. கேனும் போயிற்று.

"தொட்டிய யாருக்காவது குடுத்துட்றா" என்றேன். என்னை முறைத்தான் பாருங்கள், அப்படி அவன் முறைத்ததே இல்லை.

பிறகு, தூக்காமலே தண்ணீர் மாற்ற ஒரு வழி கட்டலாம் என்று ஆரம்பித்தான். கொல்லையில் மூடி போட்ட நீல டிரம். காத்தவராயன் அதிலேயே கடல்தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போக வேண்டும். தொட்டியிலிருந்து பழசை இழுக்க ஒரு சின்னப் பம்பு, டிரம்மிலிருந்து புதுசைத் தள்ள இன்னொரு பம்பு. காலையும் மாலையும் தானாக ஓட ஒரு டைமர். சாமான் எல்லாம் என் கடையிலிருந்து போயிற்று. பம்பு ஒன்று நான் பாண்டியில் வாங்கியது, மற்றது அவன் எதிலிருந்தோ கழற்றியது. இரண்டும் ஒரே வேகம் என்று அடித்துச் சொன்னான். எங்கே! இழுக்கிற பம்பு கொஞ்சம் கூடுதலாக இழுத்தது. தண்ணீர் மட்டம் குறைந்தால் ஈடுகட்ட ஒரு மிதவை வால்வு உண்டு, ஆவியாகிப் போவதற்காக வைத்தது. அது பாட்டுக்குத் திறந்து நல்லதண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. உப்பு நீர்த்துப் போய், கடல் சாமந்தி சுருங்கி, பூண்டு அளவுக்கு ஆகிவிட்டது.

அதற்கு வழி கண்டுபிடித்தது சிதம்பரத்து நாற்காலியில். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் போட்ட கட்டோடு நேராக என் கடைக்கு வந்தான்.

"மச்சான், என் ரத்தத்த இழுக்குதே அந்த மிஷினு, அதுல ஒரு உருளை சுத்திக் குழாய நசுக்கி நசுக்கித் தள்ளுது. அதே மாதிரி ஒரே உருளைல ரெண்டு குழாய மாட்டுனா? ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. உருளை ஒண்ணுதான, அளவு எப்பிடி மாறும்?"

"மொதல்ல உக்காருடா, மூச்சு வாங்குது ஒனக்கு."

உட்கார மாட்டேன் என்றான். ஒரே அளவுக் குழாயாக இரண்டு வெட்டி வாங்கிக்கொண்டுதான் போனான். அது ஓடியது. போன அளவே வந்தது, மட்டம் இம்மியும் நகரவில்லை, கடல் சாமந்தியும் மறுபடி விரிந்தது. வெளியேறுகிற உப்புத்தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்தடியில் விட்டுத் தொலைத்தான் என்பது வேறு கதை. மரம் பட்டுப்போன அன்று பாக்கியமேரியிடம் அவனும் நானும் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆனால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "நானும் அதுவும் ஒண்ணுதான் மேரி. எனக்கும் மிஷினு, அதுக்கும் மிஷினு. தண்ணி நல்லா இருந்தா ரெண்டு பேரும் நல்லா இருப்போம்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி லால்பேட்டை பாய் ஒருவருடையது. இரண்டு பேரும் ஊசி குத்தியதிலிருந்து எடுக்கிறவரை பேசித் தீர்ப்பார்களாம். ஐப்பசி மழையில் ஒருநாள் பாய் வரவில்லை. அடுத்த முறை அந்த நாற்காலியில் சேத்தியாத்தோப்பு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாய் போய்விட்டார் என்று கேட்காமலே இவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

கல்லறைத் திருநாள் அன்று அவனுடைய அம்மா, அப்பா கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்ற அவனும் பாக்கியமேரியும் போனார்கள். மழைத் தூறலில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. குடையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்த வெறும் மண்ணைக் காட்டி, "இங்க எடம் இருக்கு மேரி, ஃபாதர்ட்ட சொல்லி வச்சிரு" என்றானாம். அடுத்த நாள் சிதம்பரத்துக்குக் கிளம்பவில்லை. அதற்கடுத்த முறையும் கிளம்பவில்லை.

நான் போய்க் கத்தினேன். "சாவப் போறியாடா? சொல்லு, சாவப் போறியா?"

"போதும் மச்சான். வாரத்துல மூணு நாளு செத்துப் பொழைக்கிறதுக்கு ஒரேடியா போயிடலாம்."

"அவள நெனச்சுப் பாத்தியா?"

"அவளுக்கும் நிம்மதிதான். எத்தினி நாளு பஸ்ஸுல அலைவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். முகம் ஏற்கெனவே உப்பிக் கிடந்தது. அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரம் புயல் எச்சரிக்கை. படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன, காத்தவராயனும் கடலுக்குப் போகவில்லை. டிரம்மில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை பாக்கியமேரி போன் பண்ணினாள்.

"அண்ணே, மீனு ரெண்டும் மேல வந்து வாயப் பொளக்குதுண்ணே. இவுரு தரையில எறங்கி உக்காந்துக்கினு எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

ஓடினேன். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான் ஜேக்கப். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. நுரைக் குழலில் ஒரு பொட்டு நுரை இல்லை. கடல் சாமந்தி வாயை மூடிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு வானவில் மாதிரி நிறம் நிறமாக நெளிந்தது.

"எண்ணெய்" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். "டிரம்முல மோட்டார் ஆயில் பட்ட கேன் எதயாவது கவுத்தியா?"

"யாரப் பாத்துடா கேக்குற? மழ ஆரம்பிச்சதுலேர்ந்து ஒன் டிரம்முகிட்டயே நான் போகல!" என்று நானும் கத்தினேன். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கையில்தான் பின்னால் பாக்கியமேரியின் குரல் வந்தது.

"நாந்தான் ஊத்துனேன்."

கையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில். வேளாங்கண்ணி கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெய். அவன் சிதம்பரத்துக்குக் கிளம்பாத முதல் நாள், நெற்றியிலும் மாரிலும் தேய்க்கப் போயிருக்கிறாள், கையைத் தட்டிவிட்டிருக்கிறான். தண்ணீர் நன்றாயிருந்தால் தானும் நன்றாயிருப்பதாக இவன்தானே சொன்னவன்? ஜெபமாலை சொல்லிக்கொண்டே தினமும் டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறாள். எண்ணெய் மிதக்கும், பம்பு அடியிலிருந்து இழுக்கும். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்ததும் எண்ணெய் மொத்தமும் குழாயில் ஏறிவிட்டது. இரண்டு குழாயும் சொன்னபடியே ஒழுங்காக வேலை செய்தன. உள்ளே போக வேண்டியது போயிற்று.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பம்ப நிறுத்து மச்சான். பழைய பேப்பர் எடு" என்றான். தாளைத் தண்ணீர் மேல் அலுங்காமல் விரித்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். எண்ணெய் தாளில் ஏறி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. நான் செய்கிறேன் என்றால் விடவில்லை, மூச்சு இரைக்கிறது, நடுநடுவே சுவரில் சாய்ந்துகொள்கிறான், மறுபடி எழுந்து முட்டி போடுகிறான். காலையிலிருந்து மத்தியானம்வரை இதே வேலை. வானவில் நிறம் மெல்ல மெல்லப் போயிற்று. நுரைக் குழலில் எச்சில் போல ஒரு நுரை எட்டிப் பார்த்தது. மீன்கள் கீழே இறங்கின. கடல் சாமந்தி மட்டும் விரியவில்லை. அது பிழைக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பாக்கியமேரி அதுவரை ஓரமாக நின்றிருந்தாள். திடீரென்று வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயில்லாத ஜீவனுக்காக இம்மா நேரம் முட்டி போட்டுக்கினு கெடக்குறீங்க. எனக்காக அங்க போயி நாலு மணி நேரம் உக்கார முடியாதா ஒங்களால?"

அவன் தாளைக் கீழே வைத்தான்.

"நான் என்னா கேட்டேன்? பஸ்ஸுல அலையறேன்னு நான் சொன்னனா? எனக்கு நிம்மதின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? நீங்க இல்லாத ஊட்ல இந்தத் தொட்டிய வச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"சாவு வர்றப்ப வந்துரும் மேரி" என்றான்.

"வரட்டும். வர்றப்ப வரட்டும். நீங்களா போயி வாசல்ல நின்னு கூப்புடாதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். அடக்கிவைத்த அழுகை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜேக்கப் வலது கையை என் பக்கம் நீட்டினான். "தூக்கு மச்சான்" என்றான். அவன் வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி என் காரில் ஏற்றினோம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழி முழுக்க மழை. அவனுக்கு மூச்சு முட்டியது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள். உள்ளே தள்ளிப் போகையில் அவன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். பாக்கியமேரியைத் திரும்பிப் பார்த்தான்.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல நீ. போயி சாப்புட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."