சந்தனம் குடித்த ஜிபிஎஸ்

ஒரு கறுப்புப் பெட்டிமேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் காரின், எங்கள் பேச்சில் காடியின், முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த மலிவுவிலை ஜிபிஎஸ் அது. என் வீட்டுக்காரர் மலிவு விற்பனையில் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லும் வேலை என்னுடையது. அவர் காலமெல்லாம் லோரி ஓட்டியவர். பேராக் மாநிலத்தில் அவருக்குத் தெரியாத சந்துபொந்து கிடையாது. நான் சொல்கிற வழியைக் கேட்டுக்கொண்டே தன் வழியில் போய்க்கொண்டிருப்பார். பெட்டி வந்த பிறகு அதையும் அப்படித்தான் நடத்தினார். அது மலாயில் "பெலோக் கிரி" என்று இடப்பக்கம் திரும்பச் சொன்னால், "ஒனக்கு என்னா தெரியும்" என்று நேராகப் போவார். அதைப் பார்க்க எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருக்கும்.

பிறகு அவர் பெட்டி சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். அதற்குக் காரணம் இருந்தது.

கோப்பெங்கில் அவர் தம்பி வீடு. அங்கே தனியாகப் போய்விட்டு ஈப்போவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவர், ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தார்.

"இந்தா, நான் எங்க இருக்கேன்னு தெரியலலா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பக்கத்துல என்னா இருக்கு?"

"டுரியான் கடை இருக்கு. எந்த டுரியான் கடைன்னுதான் தெரியல."

குரல் சின்னதாக இருந்தது. நாற்பது வருடம் போய்வந்த சாலை அது. தம்பி போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கிளினிக், பெரிய ஆஸ்பத்திரி, டாக்டர் பொம்மை காட்டி இது என்ன என்று கேட்டது எல்லாம் நடந்தது. ஞாபகம் மெதுவாகக் குறையும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள் ஒற்றைக்காலில் நின்றாள்: "அப்பா கிட்ட சாவிய வாங்கிடுங்கம்மா."

நான் பேரம் பேசினேன். ஜிபிஎஸ் வழி சொல்லும், நானும் கூடவே போவேன், அது இருக்கும் வரைக்கும் ஓட்டட்டும் என்றேன். அது வேலை செய்யாவிட்டால் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவரும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெட்டிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. விளக்கு எரியும், வரைபடம் வரும், மேலே 'சாட்டிலைட் தேடுகிறது' என்று எழுத்து ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும். ஈப்போ டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரப் பையன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. இதையெல்லாம் இப்போது யார் ரிப்பேர் பண்ணுகிறார்கள், போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்றான். போனில் இருக்கிறதுதான். ஆனால் அவர் விரல் பட்டதும் வரைபடம் ஓடிவிடும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெட்டியோடுதான் அவருக்குப் பழக்கம்.

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் அவர் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தே போனார். கேட்டதற்கு "காலுக்கு நல்லதுலா" என்றார். சாவி ஆணியில் தொங்கியது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வருவதைச் சன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது. அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதைக் குப்புறப் படுக்கவைத்தேன்.

இதை நான் செய்யத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் வேலை செய்தவள் நான். ஈயம் வைத்துக் கம்பி ஒட்டும் பிரிவு. கோப்பெங் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் போனோம். பாக்டரி பஸ் தோட்டத்துக்குள் வராது. விடியும் முன்னே டார்ச் லைட்டோடு ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக்காட்டு மண்பாதையில் நடந்து சாலை பிரியும் சிம்பாங்கில் போய் நிற்க வேண்டும். எங்கள் அம்மாக்கள் அதே நேரத்தில் வாளியோடு மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவார்கள். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எங்கள் காலில் வெள்ளைச் சப்பாத்து. சேறு படாமல் இருக்க அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போட்டுக்கொள்வோம். பஸ்ஸுக்குள் பாட்டும் சிரிப்புமாக இருக்கும், டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். அந்தப் பஸ்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு வயது குறைந்துபோகிறது.

பெட்டியின் அடியில் ஸ்டிக்கரை உரித்தால் திருகாணிகள். அவற்றைக் கழற்றி, ஓரத்தில் ஒரு பழைய டோல் கார்டை நுழைத்து நெம்பினேன், வாய் திறந்தது. பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று நினைத்து, அதைப் பதமாக எடுத்து வைத்துவிட்டு, அதே அளவில் புதியது வாங்கிப் பொருத்தினேன். ஹாலில் வைத்து முழு மத்தியானமும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்டிலைட் தேடிக்கொண்டே இருந்தது.

"வெளிய கொண்டு வா. கூரைக்குள்ள இருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

வாசலுக்கு வெளியே இருவரும் நின்று, ஆள் மாற்றி ஆள் அதை வானத்துக்குத் தூக்கிக் காட்டினோம். எதிர்வீட்டுச் சீன அக்கா துணி காயப்போட வந்தவர், மழை வேண்டும் என்று கும்பிடுகிறோமா, வேண்டாம் என்று கும்பிடுகிறோமா என்று கேட்டார். வந்தால் சொல்கிறோம் என்றார் இவர். வரவில்லை, மழையும் சாட்டிலைட்டும்.

மறுபடி திறந்தேன். இந்த முறை படிக்கிற கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். உள்ளே மேல் மூலையில் சதுரமாக ஒரு சின்ன வில்லை இருந்தது. வானத்திலிருந்து வருவதை வாங்கும் ஏரியல் அதுதான். அதிலிருந்து சர்க்யூட் பலகைக்குப் போகும் கம்பியின் நுனி பச்சையாகக் களிம்பு பிடித்து அற்றுப்போயிருந்தது. சுற்றிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர் லோரிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். லோரி போன பிறகு காடிக்கு வைத்தார். ஸ்டியரிங்குக்கு, ரேடியோவுக்கு, பெட்டிக்கு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பெட்டியின் தலையில் வருடா வருடம் தாராளமாக அப்பியிருக்கிறார். அது இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"என்னாங்க, ஒங்க ஜிபிஎஸ்சு சந்தனம் குடிச்சே கெட்டு ரோசாக் ஆயிருச்சு."

அவர் குனிந்து பார்த்தார். "எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கம்பியைப் புதிதாகச் சீவினேன். ஈயக்கோலைச் சூடு பண்ணினேன். கம்பி தலைமுடிபோல் இருந்தது, என் கையோ நடுங்கியது. முதல் முறை ஈயம் தப்பான இடத்தில் விழுந்தது. இரண்டாம் முறையும். பாக்டரியில் ஒரு ஷிப்டில் இதுபோல் எத்தனை வைத்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். அழுகை வந்துவிட்டது. அவர் வந்து எதிரில் உட்கார்ந்து, பலகையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் நடுக்கமே இல்லை. புகை எழுந்து பாக்டரி வாசனை அடித்தது. ஈயம் பளபளவென்று முத்தாக உட்கார்ந்தது.

வாசலில் போய் நின்றோம். எழுத்து ஓடியது, நின்றது. பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. எங்கள் குடியிருப்புத் தாமான், எங்கள் தெரு, அதில் ஒரு அம்புக்குறி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்க போலாம்?" என்றேன்.

"எஸ்டேட்டுக்குலா."

அவர் பிறந்த தோட்டம் சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. இப்போது அது முழுக்கச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. போகும் வழியெல்லாம் பெட்டி சொல்லச் சொல்ல, அவர் எதிர்த்துப் பேசாமல் திரும்பினார். நல்ல பிள்ளை போல ஓட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மகளிடம் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் செய்துவிட்டேன்.

தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியதும் பெட்டியின் வரைபடத்தில் பாதை தீர்ந்துபோனது. வெறும் பச்சைக்கு நடுவில் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி பாதைகள். திரும்பிவிடலாமா என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்பு லோரி ஓட்டின தோரணையில் உட்கார்ந்துகொண்டார்.

"இங்கதான் பெரட்டுக் களம். காலைல கணக்கெழுதுற கிராணி பேர் கூப்பிடுவாரு. இது மேல் லயம், எங்க வீடு கடைசி. அது ஆயாக் கொட்டாய், நம்ம தம்பி அங்க தொட்டில்லருந்து விழுந்தான். அதோ பால் ஸ்டோர், அப்பாரு நெறுத்துட்டு வர்ற வரைக்கும் நான் அந்தத் திண்டுல ஒக்காந்திருப்பேன்."

அவர் காட்டிய இடத்தில் எல்லாம் செம்பனைதான் நின்றது. ஆனால் எந்தத் திருப்பத்திலும் அவர் தயங்கவில்லை. கல்யாணமான புதிதில் தீபாவளிக்கு அங்கே வந்தவள்தானே நானும். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் கூரைகள் தெரிந்தன, மாமியார் முறுக்கு சுட்ட அடுப்பு தெரிந்தது. இவருக்கா ஞாபகம் குறைகிறது என்று டாக்டர்மேல் கோபம்கூட வந்தது. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே சரியாகத் தார்ச்சாலைச் சிம்பாங்கில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பெலோக் கிரி" என்றது பெட்டி. இடப்பக்கம் ஈப்போ.

அவர் நகரவில்லை. சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. பெட்டி மறுபடியும் சொன்னது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. நான் பெட்டியைத்தான் முதலில் பார்த்தேன், ஈயம் விட்டுப்போயிற்றோ என்று. அதில் எல்லாம் சரியாக இருந்தது.

"அது சொல்றது கேக்குது," என்றார். "இப்ப திரும்பினா அங்க என்னா வரும்னுதான் எனக்குத் தெரியல. வர்றப்பவும் தெரியல. அது சொல்லுச்சு, திருப்பினேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பயமா இருக்குலா," என்றார்.

நாங்கள் சேர்ந்து வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. நான் என்னமோ பெட்டியைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். அவர் இறங்கினார். டிராக்டர்க்காரருக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, காடியைச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு."

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் காடியை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. கிளட்சை விட்டதும் காடி குலுங்கி நின்றது. டிராக்டர் மறுபடி ஹாரன் அடித்தது. அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து, பெட்டி சொன்னபடி இடப்பக்கம் திரும்பினேன். சாலை மங்கலாகத் தெரிந்தது, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் முன்னால் பார்க்காமல் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணுக்கு மாத்து," என்றார்.

மாற்றினேன்.