நான் எழுதிய வெயில் கோஷம்

எங்கள் பக்கத்தில் குறைந்தது ஆறு பேர் அந்தக் கோஷத்தைத் தாங்கள்தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் ஒருவர் அதைச் சொல்லியே கட்சியில் இரண்டு படி ஏறிவிட்டார். எழுதியவன் நான். கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். மலையாளத்தையும் தமிழையும் பிழையில்லாமல் அடிப்பேன் என்பதால் எல்லையோர வார்டுகளில் போட்டியிடும் மூன்று கட்சிக்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். என் ஓட்டு யாருக்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஃப்ளெக்ஸ் நேரத்துக்குக் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிய ஒரு காலை. முதல் கட்சியின் வார்டு செயலாளர் மலையாளத்தில் எழுதிய நான்கு பக்கத்தோடு வந்தார். கமிட்டி மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதாம். மாற்று எரிசக்தி, பரவலாக்கப்பட்ட உற்பத்தி, சூழலியல் நீதி என்று போனது. இரண்டாம் பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது: ஜெயித்தால் வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு வைத்துத் தருவோம், நோயாளி இருக்கும் வீடுகளுக்கு முதலில்.

டீ வருவதற்குள் நான் அதைச் சுருக்கிவிட்டேன். 'வெயில் நமக்கு, கரண்டும் நமக்கு.' மலையாளத்திலும் அதே தாளத்தில் நின்றது.

செயலாளர் முகம் சுருங்கியது. "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில ஒரு கனம் இல்லியே."

"கனம் வேணுமெண்ணா கருங்கல்லுல கொத்தணும். இது ஃப்ளெக்ஸாக்கும்" என்றேன்.

சாயங்காலம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு அதையே கத்தினார்கள். மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தின. மூன்றாம் நாள் எதிர்க்கட்சி ஆள் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அதற்குப் பதிலடி வேண்டும் என்றார். 'வெயில் நமக்கு, கரண்டு யாருக்கு?' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மூன்றாம் கட்சி வந்தது. அவர்கள் என்னை நம்பாமல் சொந்தமாக யோசித்து வந்திருந்தார்கள்: 'வெயிலைத் தந்தது யார்? யோசிப்பீர்!' கடவுள்தான் தந்தார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனாலும் அடித்துக் கொடுத்தேன்.

இதுவரை எல்லாம் எனக்கு வேடிக்கைதான். கடைசி வேடிக்கை நடந்தது ஒரு மதிலில்.

எங்கள் பக்கத்தில் தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே மதிலைப் பிடித்துவிடுவார்கள். வெள்ளையடித்து, மூலையில் 'புக்ட்' என்று எழுதி, கட்சிப் பெயரைப் போட்டுவிட்டால் வேறு கட்சிக்காரன் தொடமாட்டான். கல்யாணம் நிச்சயம் செய்த பெண்ணுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது. அப்படி முதல் கட்சிக்காரர்கள், வெள்ளறடைக்குப் போகும் வழியில் என் தங்கை வீட்டுக்கு எதிரே இருக்கும் நீளமான மதிலைப் பிடித்தார்கள். இரண்டு நாள் வேலை. ஆள் உயர எழுத்தில் என் கோஷம். எல்லாம் முடிந்து பெயிண்டர் தூரிகையைக் கழுவும்போது வீட்டுக்காரர் வெளியே வந்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"நல்ல ரசமா இருக்கு. ஆனா எனக்க வோட்டு தமிழ்நாட்டுலயாக்கும்" என்றார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே போகும் அந்த ஒடுங்கிய இடவழிதான் எல்லை. தங்கை வீடு கேரளம், எதிர்வீடு தமிழ்நாடு. செயலாளர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கா தெரியாது? தெரியும். ஆனால் அவரும் கண்டக்டரும் ஞாயிறுதோறும் ஒரே சபையில், ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். ஒரே சபை என்றால் ஒரே வார்டு என்று அவருடைய மனதில் பதிந்துவிட்டது. கண்டக்டர் இரண்டு நாளும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மதிலுக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சும்மா கிடந்த கோஷம் வீணாகவில்லை. அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களுடைய தேர்தல் வந்தபோது கோஷத்துக்கு முன்னால் தங்கள் தலைவரின் பட்டப்பெயர்கள் மூன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். கோஷம் மதிலில் கடைசி அரை முழத்தில் ஒடுங்கிக்கொண்டது. அதற்கும் ஃப்ளெக்ஸ் அடிக்க என்னிடம்தான் வந்தார்கள்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் வருஷக்கணக்காகக் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கத் தூசி. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். கரண்டு இருந்தால்தான் அது ஓடும். அவர்கள் வீடு லைனின் கடைசி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்கைப் போட்டதும் அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். மெஷின் கீச்சுக்கீச்சென்று கத்தும். மச்சினன் தலையணையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மகா கொடுமை.

முதல் கட்சி ஜெயித்தது. அந்தச் செயலாளரே மெம்பர் ஆனார். சோலார் வைக்கும் வீடுகளின் பட்டியலை அவர்தான் தயாரிக்க வேண்டும். முதல் ஆளாக என் தங்கை மனு கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து, "அண்ணா, நீ எழுதினதுதானே, கண்டிப்பா வரும்" என்று சொன்னாள்.

மாதங்கள் போயின. மனு மெம்பரிடமே கிடந்தது, பட்டியல் நகரவில்லை. பொறுக்கமுடியாமல் கண்டக்டர் ஒருநாள் தன் வீட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, இடவழிக்கு மேலே தூக்கி, மாமரக் கிளை வழியாகத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தார். சட்டப்படி தப்பு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் மெஷின் கத்தவில்லை. வாசல் பல்பு பளிச்சென்று எரிந்தது. மச்சினன் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

அந்த நேரம் பார்த்து மெம்பர் அந்த வழியாக வந்தார். கூடவே போன் பிடித்த இரண்டு பேர். இருட்டத் தொடங்கிய இடவழியில் இந்தப் பக்கம் ஒரு வீடு மட்டும் ஜொலித்தது. படம் எடுத்துக்கொண்டு, மச்சினனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். எங்கிருந்து வெளிச்சம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் படம் என் கம்ப்யூட்டருக்கே வந்தது. மேலே 'வெயில் நமக்கு, கரண்டும் நமக்கு'. கீழே 'சொன்னதைச் செய்தோம்'. நடுவில் என் தங்கை வீடு. நான் மெம்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இது சோலார் இல்ல. அந்தப் பக்கத்துக் கரண்டாக்கும்."

"எலே, ஜனத்துக்கு வெளிச்சம் தெரிஞ்சா போரும். ஃப்ளெக்ஸ் ஏறட்டும், பட்டியலும் தன்னால நகரும். உனக்க தங்கச்சிக்குத்தானே நல்லது."

நம்பினேனா? இல்லை. ஆனாலும் அடித்தேன். தங்கை பேரைச் சொன்னதால்தான் அடித்தேன் என்பதுதான் உண்மை. பத்தடிக்கு ஆறடி, படம் மங்கலாக இருந்ததால் வாசல் பல்பை நானே இன்னும் கொஞ்சம் பிரகாசமாக்கினேன்.

பட்டியல் நகரத்தான் செய்தது. அதில் தங்கை பெயர் இல்லை. நான் பஞ்சாயத்துக்கே போய்க் கேட்டேன். மெம்பர் கோபப்படவில்லை; எனக்காகப் பரிதாபப்படுகிறவர் மாதிரி பேசினார்.

"ஃப்ளெக்ஸுல உள்ள வீட்டுக்கு ரெண்டாம தடவ சோலார் எப்பிடி கொடுக்க முடியும்? ஜனம் கேக்காதா? நீயே அடிச்ச படமில்லியா?"

ஊருக்கெல்லாம் பதிலடி எழுதிக் கொடுத்த நான் நேரே தங்கை வீட்டுக்கு நடந்தேன்.

அங்கே போனால், கண்டக்டர் மாமரத்திலிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் பல்பைப் பிரகாசமாக்கியதில் ஃப்ளெக்ஸில் ஒயரும் தெளிவாகத் தெரிகிறதாம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கேட்டால் அவர் மாட்டிக்கொள்வார். "மன்னிக்கணும் மக்கா, எனக்கு பென்ஷன்ல கைவச்சா தாங்காது. ஒண்ணு செய்யலாம், வைகுந்நேரம் ஆறு மணி ஆனா மாப்பிள்ளைய மெஷினோட இஞ்ச கூட்டிட்டு வாங்க. எங்க முன்னறையில கெடக்கட்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மச்சினன் இடவழியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு மூச்சுவிடப் போகிறார். பத்தடி தூரம்தான், நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டும். அவர் அந்தப்பக்கம் போய் உட்கார்ந்த பிறகு மெஷினை நானும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோவோம். முதல் நாள் மெஷினைத் தூக்கக் குனிந்தவள், நிமிராமலே கேட்டாள்:

"அண்ணா, நீ படத்துல அடிச்சிருக்கியே ஒரு வீடு, நல்ல வெளிச்சமாட்டு. அது எங்க இருக்கு? நாங்க அங்க போய் இருந்துக்கிடுவோமே."