பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்த காமிக்ஸ்

டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஒரு கைதான் சொந்தம். இன்னொன்று மெஷினுடையது. இடது கையில் ஊசி குத்தி டியூப் மாட்டிவிட்டால் நாலு மணி நேரம் அதை அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கத்தும். சிஸ்டர் அதைவிட ஜாஸ்தியாகக் கத்துவார். மிச்சமிருக்கும் ஒரு கையால் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள், தெரியும். கெட்டி நாவலைப் பிடித்தால் கட்டைவிரல் மரத்துப்போகும். காமிக்ஸ் மட்டும்தான் அந்த ஒரு கைக்கென்றே அச்சடித்த மாதிரி இருக்கும். மெல்லிசு. நெஞ்சின்மேல் சாய்த்துக்கொண்டு விரலால் தள்ளினால் பக்கம் புரண்டுவிடும்.

நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். செங்கம் ரோட்டுப் பக்கம் சில ரூம்களை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற, ஐம்பது தாண்டிய பொம்பளை ‘பொம்மை புக்கு’ படிக்கிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்களில் யாரும் எனக்குப் பதிலாக அந்தக் கட்டிலில் வந்து படுக்கப்போவதில்லை. திங்களும் வியாழனும் மதியம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் தண்ணீர் பாட்டில் இருக்காது, அது எங்களுக்கு அளவுதான். காமிக்ஸ் இருக்கும்.

அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கு அவர் வந்தது வெயில் காலத்தில். கீழ்பென்னாத்தூர்க்காரர். சொந்தமாக வேன் வைத்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிறவர். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். முகத்தில் மட்டும் வீக்கமும் கோபமும். முதல் நாள் ஊசி குத்தும்போது சிஸ்டரைப் பார்த்து, “இன்னும் எத்தினி தபா வரணும்?” என்று கேட்டார். சிஸ்டர் டேப் ஒட்டினார். எல்லாரும் முதல் நாள் கேட்கிற கேள்வி அது. நானும் கேட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க கொஞ்சம் சொல்லுங்கக்கா. இந்த வேலையெல்லாம் எனக்கு ஆவாது, பௌர்ணமிக்கு மலை சுத்தி வேண்டிக்கிட்டு ஊசிய நிறுத்திடுவேன்றாரு. யாரோ ஒருத்தருக்கு அப்படி நல்லாயிடுச்சாம்.”

யாரோ ஒருத்தர். இந்த ஊரில் அந்த யாரோ ஒருத்தரை நான் தேடாத தெரு கிடையாது. அவர் எப்போதும் இன்னொருவருடைய மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார். நான் மலையைச் சுற்றாதவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சுற்றியவள்தான். ஆனால் அந்தக் கட்டிலில் அவருக்கு முன்னால் படுத்திருந்த மனிதரும் “ரெண்டு தடவ போவாம பாக்கறேன்” என்றுதான் போனார். அதற்கப்புறம் சிஸ்டர் அந்தக் கட்டிலுக்கு உறை மாற்றினார். அன்று எனக்கு வந்த துக்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிது. இந்த முறை விடுவதில்லை என்று வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

புத்தி சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் சொல்கிறார், பெண்டாட்டி சொல்கிறாள், டீக்கடைக்காரர்கூடச் சொல்கிறார். புத்திமதி இந்த வியாதிக்காரனுக்கு உப்பு மாதிரி, ஏற்கெனவே உடம்பில் வேண்டிய மட்டும் சேர்ந்திருக்கும். அதனால் அடுத்த தடவை ஒரு காமிக்ஸை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்தேன்.

எதை முதலில் கொடுப்பது என்பதில் நான் கறாரான ஆள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் ஒருவர் பளிச்சென்று படைத்துவிட்டுப் போன வீரனைப் பல வருஷம் கழித்து இன்னொருவர் எடுப்பார். வயசாக்குவார், அடிபட வைப்பார், எதற்கடா பறந்தாய் என்று கேட்பார். அந்தக் கறுப்புக் கதைகள்தான் உசத்தி என்று புதுசாகப் படிக்க வருகிறவர் கையில் நேராக அதைத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே எரியும். ஒருத்தன் விழுவது நமக்கு வலிக்க வேண்டுமென்றால் முதலில் அவன் பறந்ததைப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே பழசைக் கொடுத்தேன். பச்சை உடை போட்ட வீரன். ஊரில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் அவன் காதில் விழுந்துவிடும். அடுத்த படக் கட்டத்தில் அங்கே நிற்பான். தமிழில் மொழிபெயர்த்து, சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் வந்த புத்தகங்கள்.

அவர் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னாக்கா இது, செத்துப்போன ரவுடி அடுத்த படத்துல டீ குடிக்கிறான்?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். மனுஷன் தினசரி படித்தே பழகியவர். பத்தி பத்தியாக மேலிருந்து கீழே இறங்கிவிட்டு, அப்புறம் பக்கத்துப் பத்திக்கு ஏறியிருக்கிறார். கட்டங்களையும் அப்படியே படித்திருக்கிறார்.

“அண்ணே, இப்டி எறங்கக் கூடாது. குறுக்கால போங்க. முதல்ல இந்த வரிசை, அப்பறம் அடுத்த வரிசை.”

“மொதல்லியே சொல்லக் கூடாதா? பாதி புக்கு படிச்சிட்டேன்.”

“கதை புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது. ஆனா அவன் ரொம்ப கொழப்பமான ஆளு.”

அடக்க முடியாமல் சிரித்ததில் என் மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யாருக்கு வயசு ஜாஸ்தி என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாவது புத்தகத்திலிருந்து நேராகப் படித்தார். குறை சொல்லிக்கொண்டே படித்தார். “டீசல் போடாம எவ்ளோ தூரம்க்கா பறப்பான்?” “இவ்ளோ பெரிய லாரிய அந்தச் சந்துல திருப்ப முடியாது, படம் போட்டவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.” குறை சொல்கிறவர் படிக்கிறார் என்று அர்த்தம், அதனால் நானும் விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தபடி, “இவனுக்கு மூச்சே வாங்கறதில்ல. எதுவும் ஆவாதுன்னு தெரிஞ்சவன் சண்டைக்குப் போறதுல இன்னா இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். மறு தடவை கறுப்புக் கதையின் முதல் பாகத்தைக் கொண்டுபோனேன்.

மொத்தம் மூன்று பாகம். அதே பச்சை உடைக்காரன்தான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கிறான்; எதுவும் கேட்கவில்லை. ஊர்க்கோடியில் வீடு எரிகிறது, கூப்பிடுகிறார்கள், அவன் போகவில்லை. மறுநாள் அவன் வீட்டு ஜன்னலில் கல் விழுகிறது. கல் விழுந்த சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். புரட்டவே இல்லை. சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

முடித்ததும், “அடுத்தது குடுங்க, வீட்ல படிச்சிட்டுத் தரேன்” என்றார்.

“வீட்டுக்குக் குடுக்க மாட்டேன். வியாழக்கிழமை இங்க வந்து படிங்க.”

“கிழிச்சிடுவேன்னு பயமா?”

“ஆமா.”

அது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை வந்தார். இரண்டாம் பாகத்தில் அந்த வீரன் உடையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு மளிகைக் கடையில் மூட்டை தூக்குகிறான். காது வரவழைக்கிறேன் என்று சொல்கிற எல்லார் வாசலிலும் போய் நிற்கிறான். எண்ணெய் விடுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் கால் வைக்கிறான். எதற்கு ஏறுகிறான் என்று சொல்லாமல் பாகம் முடிந்துவிடும்.

அவர் அதை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். “கடைசி பாகத்தயும் இன்னிக்கே குடுத்துடுங்கக்கா.”

“திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமை பௌர்ணமி. நான் மலை சுத்தப் போறேன். அதோட இதுக்கு வரமாட்டேன்.”

சாதாரணமாகச் சொன்னார், டயர் மாற்றப்போகிறேன் என்கிற மாதிரி. எனக்கு வந்தது பயம்தான். பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“மலை எங்கியும் போவாதுண்ணே. இந்தப் பௌர்ணமி போனா அடுத்தது வரும். உங்க ஒடம்பு அதுவரிக்கும் தாங்குமா?”

“எல்லாம் அவன் பாத்துப்பான்.”

“அவன் பாத்துதான் இந்த மெஷினக் குடுத்திருக்கான். புக்கு வேணும்னா திங்கக்கிழமை இங்க வாங்க.”

“கதையக் காட்டி மிரட்டறீங்களா?”

“ஆமா. மிரட்டறேன். எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.”

ஊசி எடுக்கும் நேரத்தில், என் பக்கம் திரும்பாமலே கேட்டார். “கடைசியில அவனுக்குக் காது வந்துடுமா?”

வந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல முடிவைக் காட்டி ஆளை இழுத்திருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் குழந்தை இல்லை. ஏமாற்றி அந்தக் கட்டிலுக்கு ஒருவரை ஒரு தடவை கொண்டுவரலாம், வாரா வாரம் கொண்டுவர முடியாது.

“வராது,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னது சரியா என்று ரூம் கூட்டும்போதும் துணி மடிக்கும்போதும் யோசித்து யோசித்து, சரிதான் என்றே முடிவுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை ஊர் வழக்கம்போல அடைத்துக்கொண்டது. வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக ஸ்டாண்டில் நின்றுவிடும், அங்கிருந்து நடைதான். எங்கள் தெருவில் காலையிலிருந்தே வெறுங்கால் கூட்டம், மோர்ப் பந்தல், மைக். நான் சந்து சந்தாகப் புகுந்து, கொஞ்ச தூரம் ஆட்டோவும் மிச்சம் நடையுமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

சிஸ்டர் அவர் நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. வீட்டு நம்பருக்கு அடித்தார். மனைவி எடுத்து, “காலையிலயே ஆஸ்பத்திரிக்குன்னு கெளம்பிட்டாரே” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்க ஒரு கை இருந்ததே என்று துடைத்துக்கொண்டேன். மூன்றாம் பாகத்தை விரித்து வைத்திருந்தேன், ஒரு கட்டமும் மண்டையில் ஏறவில்லை. படுபாவி மனுஷா, வந்து தொலையேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

என் நேரம் முடிந்து, ஊசி எடுத்து, ரத்தம் நிற்க அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. அவர்தான். நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். சிஸ்டர் திட்டிக்கொண்டே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கட்டிலில் சாய்த்து, ஆக்சிஜன் வைத்து, மெஷினை ஓடவிட்ட பிறகுதான் பேச்சு வந்தது. விடியலில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். செங்கம் ரோடு தாண்டி மலைக்குப் பின்பக்கம் திரும்புகிற இடத்திலேயே மூச்சு அடைத்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்தவர் மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. புண்ணியவான் ஒருவர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். எங்களுக்கு இளநீர் விஷம், டாக்டர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

“குடிச்சீங்களா?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“இல்ல. நாக்கு ஒட்டிக்கிச்சு, ஆனாலும் வேணாம்னுட்டேன். சாமிக்குன்னு தர்றத வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு அந்தாளு கோச்சிக்கிட்டான். அப்பறம் எழுந்தேன். முன்னால போவ முடியல. திரும்பிட்டேன்.”

கிரிவலத்தில் பாதியில் திரும்புகிறவர்கள் கிடையாது. மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். முடியாதவர் உட்கார்ந்து உட்கார்ந்தாவது முன்னால்தான் போவார். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு ஆள் வந்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று இந்த ஊர்க்காரிக்குத் தெரியும்.

“எல்லாரும் திட்டனாங்கக்கா. இப்டி வரக் கூடாது சாமி, பாவம் சேரும்னாங்க. ஊரே அந்தப் பக்கம் போவுது, நான் மட்டும் இந்தப் பக்கம் வர்றேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல. தலைய குனிஞ்சிக்கிட்டு வந்துட்டேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. அவருக்குத் துடைக்கக் கை இருந்தது, துடைக்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி என் கையில் போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நேரமாகிவிட்டது. அடுத்தவருக்குக் கட்டிலை விட வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்றாம் பாகத்தை அவர் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்காக என் சட்டத்தையும் உடைத்தேன்.

“படிங்கண்ணே. முடியலன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பரவால்ல.”

அவர் கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியின்மேல் பச்சை உடையில் ஒருத்தன் நிற்கிற படம். விரலால் அதை ஒரு தடவை தடவிவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

“வேணாம்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றார். “வியாழக்கிழமை படிக்கிறேன்.”