பக்கம் நாற்பத்தொன்றின் சாய்வு

திருப்பூர் நல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட். துணி பின்னும் மிஷின்கள் ஓடும்போது என் கம்ப்யூட்டர் திரை லேசாக நடுங்கும். பஞ்சு பறந்து வந்து உள்ளே இருக்கும் விசிறிக்கு மெத்தை போட்டுவிடும். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்குப் போவேன். மிஷினுக்குக் காற்றடிக்கும் குழாயாலேயே அதற்கும் அடித்து அனுப்புவார்கள்.

“ஏனுங் தம்பி, உங்க மிஷின்ல என்ன துணிங்க ஓடுது?” என்று அங்கே மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“கணக்குங்க.”

“எத்தன கேஜுங்க?” பின்னல் ஊசிகளின் நெருக்கத்துக்கு அங்கே அந்தப் பெயர்.

நான் எம்.ஃபில். முடிக்கப் போராடிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான்தான். ஆகவே எம்.ஃபில். என்றால் என்ன, அது எப்போது முடியும், முடிந்தால் என்ன கிடைக்கும் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும். ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதைக் காட்டினால் திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம். சமர்ப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை நாலு மணி. அன்று சாயங்காலமே என் வழிகாட்டிப் பேராசிரியை மகளின் பிரசவத்துக்காக ரயில் ஏறுகிறார். திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அவர் கையெழுத்து இல்லாமல் ஏடு அலுவலக வாசலைத் தாண்டாது. தாண்டாவிட்டால் எனக்காக அப்பா தன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் சொல்லி வைத்திருந்த இடம் காத்திருந்தது.

கணக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. அதை அச்சில் அழகாகக் கொண்டுவருவதுதான் தந்தது.

துறையிலிருந்து சி.டி.யில் வாங்கி வந்த கணித மென்பொருள் சமன்பாட்டைத் தீர்த்துக் கொடுக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் அதே விடையை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் எழுதியும் கொடுக்கும். அதை இன்னொரு நிரல் படித்துப் புத்தகத்தில் இருப்பதுபோல் அடுக்கித் தர வேண்டும். என் நிரல் பாதி படித்ததும் நின்றுவிட்டது. ஏதோ ஒரு துணைக் கோப்பைக் காணோமாம். வேறு பெயர் இருந்தால் சொல் என்று கேட்டு, கர்சரை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது.

நான் மரியாதையுள்ள பையன். கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். என்ன சொல்வதென்று தெரியாமல் என் பெயரை அடித்தேன். அப்படியும் ஒன்றைக் காணோம் என்றது. அப்பா பெயரை அடித்தேன். அவரையும் காணோம் என்றது. பிறகுதான் அந்தத் துணைக் கோப்பு கணித மென்பொருளோடு வரவேண்டியது, எனக்கு வந்த சி.டி.யில் விட்டுப்போயிருக்கிறது என்று புரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைத் தேடி எடுத்து, பிளாப்பியில் போட்டு, பிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தபடி வந்தேன். கண்டக்டர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு திரையில் எல்லாம் ஜொலித்தது. என்னிடம் பிரிண்டர் கிடையாது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் பனியன்களில் அச்சடிக்கும் படங்களை வரைந்து பிலிம் எடுத்துக் கொடுக்கும் டிசைனராக இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவன். அவனுடைய டிசைன் சென்டரில் நல்ல லேசர் பிரிண்டர் இருந்தது. ஏட்டின் ஆங்கில வரிகளைக் கல்லூரியிலேயே அடித்து, சூத்திரங்களுக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். சூத்திரங்களைத் தனித்தனித் துண்டாக அவன் கம்ப்யூட்டரில் திறந்து, அந்த இடங்களில் வைத்து அச்செடுப்பதாகத் திட்டம். புதன்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன்.

அவன் முதல் துண்டைத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “ஏ மாப்ள, இந்த Z என்னத்துக்குலே முன்னால மொட்டையா நிக்கு?”

“அது Z இல்லடா. இன்டெக்ரல்.”

“எனக்கு Z-தான் தெரியுது. நான் படிக்காதவம்லா.”

எட்டிப் பார்த்தேன். Z-தான். என் இன்டெக்ரல் குறிகளெல்லாம் Z ஆகிவிட்டிருந்தன. அம்புக்குறிகள் ஆச்சரியக்குறி ஆகியிருந்தன. எல்லாவற்றையும்விட மோசம், முடிவிலிக் குறி இருந்த இடத்தில் 1 இருந்தது. பூஜ்யத்தில் கிளம்பி முடிவே இல்லாமல் போக வேண்டிய என் தொகை, பஸ் ஏறியவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிய மாதிரி ஒன்றில் இறங்கி நின்றது.

“எங்க வீட்டுல நல்லா இருந்துச்சுடா.”

“எல்லாவனும் அப்படித்தாம்லே சொல்லுதான். ஆர்டர் குடுக்குத பாரின் பையர் அவன் ஊர்ல ஏதோ ஒரு எழுத்துல பேரை அடிச்சு அனுப்புவான். அந்த ஃபான்ட் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்காது. இது தனக்குத் தெரிஞ்ச எழுத்தப் போட்டு அடிச்சிரும். அதுக்குத்தான் கர்வ் போட்டுக் கொண்டாங்கன்னு கதறுதோம்.”

கர்வ் போடுவது திருப்பூர் டிசைனர்களின் நித்திய கடமை. எழுத்தை எழுத்தாகவே வெளியே அனுப்பமாட்டார்கள். அதன் ஓரக் கோட்டை மட்டும் எடுத்துப் படமாக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது எந்த மொழி, எந்த ஃபான்ட் என்று யாரும் கேட்க முடியாது. எங்கே திறந்தாலும் அதே உருவத்தில் நிற்கும்.

வியாழக்கிழமை காலையில் என் கம்ப்யூட்டரிலிருந்த கணித ஃபான்ட்களை எல்லாம் சி.டி.யில் எழுதிக்கொண்டு போனேன். அவற்றை அவன் தன்னுடையதில் ஏற்றினான். Z எல்லாம் நெளிந்து இன்டெக்ரல் ஆனது. 1 படுத்துக்கொண்டு முடிவிலி ஆனது. அவன் ஒவ்வொரு துண்டாகக் கர்வ் போட்டுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனான். நடுவில், கம்பெனி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சன்டைசரின் போன் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, “இந்தா முடிஞ்சுது சார், பிலிம் ரெடி சார்” என்று இன்னும் தொடங்காத வேலையைப் பற்றிப் பொய் சொல்லியபடியே என் வேலையையும் பார்த்தான். பதினொன்றரைக்கு எழுபத்திரண்டு பக்கமும் கையில் சூடாக இருந்தன.

கல்லூரியில் என் வழிகாட்டி மேடம் பச்சைப் பென்சிலோடு காத்திருந்தார். அவர் முறை அது. பக்கத்துக்குப் பக்கம் பார்த்து மூலையில் ஒரு டிக் போடுவார். எல்லாப் பக்கத்திலும் டிக் இருந்தால்தான் கையெழுத்து. கமாவுக்குப் பின்னால் இடைவெளி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடும் மனுஷி, அன்று எழுபத்திரண்டு டிக்குகளையும் ஒரே மூச்சில் போட்டார்.

“பரவால்லயே தம்பி, கிளீனா இருக்கு. அஞ்சு செட் ரெடி பண்ணிட்டு நாளைக்கு வாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்.”

வெளியே வந்த வேகத்தில் எதிர்க்கடையில் மீதி நாலு செட்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஐந்து கட்டுகளையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு அம்மா வந்தார். முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, கோணல் எதுவென்றாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். மீந்துபோன ஸ்டிக்கர்கள் பாதி நாள் அம்மாவின் கையிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்.

“ஏங் கண்ணு, பாஸ் ஆயிருச்சா?”

“மேடம் எல்லாப் பக்கத்துலயும் டிக் போட்டுட்டாங்கம்மா.”

“அவீங்க போட்டாப் போட்டாங்க. நானும் ஒருக்காப் பாத்தர்றேன், குடு.”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழே பஸ் போர்டு அளவுக்குத்தான். பாவம், ஆசைக்குப் பார்க்கட்டும் என்று டிக் போட்ட கட்டைக் கொடுத்தேன். முகத்தைக்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட ஆரம்பித்தார். படிப்பதுபோல் இடமிருந்து வலமாகப் பார்க்கவில்லை. கழுத்து, தோள், பக்கத் தையல், அடி மடிப்பு என்று பனியனைப் பார்க்கிற வரிசையில் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் மைப்புள்ளி. அம்புக்குறி. இருபத்தாறில் பக்க எண் அரை நூல் மேலே ஏறியிருந்தது. அம்புக்குறி.

“அம்மா, மேடம் திட்டுவாங்க. ஒட்டாதீங்க.”

“உரிச்சா வந்தரும் சாமி. பயப்படாத.”

நாற்பத்தொன்றில் அம்மாவின் கை நின்றது. முன்பக்கம் ஒன்றைப் புரட்டினார், பின்பக்கம் ஒன்றைப் புரட்டினார், மறுபடி நாற்பத்தொன்றுக்கு வந்தார்.

“இது ரிஜக்ட்.” அம்புக்குறி.

“அது ஃபார்முலாம்மா.”

“பார்முலாவோ, பாவாடை நாடாவோ. மத்த எழுத்தெல்லாம் இக்கட்டால சாயுது. இது ஒண்ணு மட்டும் அக்கட்டால சாயுது பாரு. ஸ்பைராலிட்டி.”

துவைத்ததும் பனியனின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடுமே, அந்தக் குறைக்கு அந்தப் பெயர். சூத்திரத்துக்கு எங்கேயம்மா ஸ்பைராலிட்டி வரும், கணக்கில் எழுத்துகள் சாய்ந்துதான் இருக்கும், அது உலக வழக்கம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். செய்துகொண்டே பார்த்தேன். பாதியில் வாய் மூடிக்கொண்டது.

நான் எழுதியது AX = XM + H. அச்சில் இருந்தது H + MX = XA. சூத்திரம் முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. பாழாய்ப்போன அந்த ஐந்து எழுத்தும் குறிகளும் கண்ணாடியிலும் அதே முகத்தோடு இருப்பவை. சாய்வு மட்டும்தான் மாறும். அதனால்தான் நானும் மேடமும் ஏமாந்தோம். சாதாரண எண்களாக இருந்தால் பெருக்கல் எந்த வரிசையில் இருந்தாலும் குற்றமில்லை. என்னுடையவை அணிகள். AX வேறு, XA வேறு. தைத்துச் சாயம் போடுவதும் சாயம் போட்டுத் தைப்பதும் ஒன்றா? அந்த ஒரு வரியால் அதற்குப் பின்னால் வரும் முப்பத்தொரு பக்கமும் பொய்.

மற்ற இரண்டு ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே டிசைனரின் வாசலில் நின்றேன். தாளைப் பார்த்ததும் அவன் நாக்கைக் கடித்தான்.

“டிரான்ஸ்பர் பிரிண்ட்டுக்குத் திருப்பித்தாம்லே போடணும். பேப்பர்ல திருப்பி அடிச்சு, துணியில வச்சு அழுத்துனா நேரா வரும். அந்த மெர்ச்சன்டைசர் டிரான்ஸ்பர் டிரான்ஸ்பர்னு காதுல கத்துனான், கை தன்னால மிரர் போட்டிருச்சு.”

“இப்ப நான் என்னடா பண்றது?”

“இதையும் ஒரு பனியன்ல வச்சு அயர்ன் பண்ணிக் குடு மாப்ள. சரியா வந்துரும். உங்க மேடத்துக்கு என்ன சைஸு?”

அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே சரியான பக்கத்தை எடுத்துக் கொடுத்தான். ஓடும் பஸ்ஸில்தான் அடுத்த சிக்கல் உறைத்தது. புதுப் பக்கத்தில் பச்சை டிக் இல்லை. டிக் இல்லாத பக்கத்தைக் காட்டினால் ஏன் என்று கேட்பார். சொன்னால், தப்புச் சூத்திரத்துக்கு நீங்கள் டிக் போட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். கல்லூரி ஸ்டேஷனரி கடையில் பச்சைப் பென்சில் கண்ணில் பட்டது. இரண்டு தரம் அந்தக் கடையைச் சுற்றி வந்தேன். வாங்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை. எனக்கு டிக் கோணலாகத்தான் வரும்.

மேடம் அறையில் பயணப் பெட்டி கட்டி வைத்திருந்தது. அவர் வகுப்பு முடிந்து வர மணி இரண்டே கால் ஆகிவிட்டது. முதல் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நாற்பத்தொன்றில் நின்றார்.

“இதுல டிக் இல்லயே?”

“புதுப் பக்கம் மேடம்.”

“பழசுக்கு என்ன ஆச்சு?”

“திரும்பிக்கிச்சுங்க மேடம்.”

கையை நீட்டினார். பையிலிருந்து பழைய தாளை எடுத்துக் கொடுத்தேன். மூலையில் அவருடைய பச்சை டிக், நடுவில் அம்மாவின் சிவப்பு அம்புக்குறி. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். அவர் காது மெல்லச் சிவந்தது.

“இந்த ஸ்டிக்கர் யார் ஒட்டினது?”

“எங்க அம்மாங்க மேடம்.”

“மேத்ஸ் படிச்சவங்களா?”

“இல்லீங்க. பனியன் செக்கிங்குங்க.”

பேக்கிங் செக்‌ஷனின் அட்டைப் பெட்டி வாசனை எனக்கு அந்த அறையிலேயே அடித்தது. அப்புறம் மேடம் அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“இந்தப் பக்கம் நான் பார்க்கல. நீங்களும் கொண்டு வரல. சரியா?”

“சரிங்க மேடம்.”

புதுப் பக்கத்தில் டிக் விழுந்தது. சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தது. இரண்டாவது கட்டை இழுத்துப் பேனாவை வைத்தவர், வைத்தபடியே நிமிர்ந்தார்.

“தம்பி, மத்த நாலு செட்டும் எப்ப ஜெராக்ஸ் எடுத்தீங்க?”

“நேத்தே எடுத்துட்டேங்க மேடம்” என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

“உங்க அம்மா ஒரு பீஸைப் பார்த்துட்டு லாட் மொத்தத்தையும் பாஸ் பண்ணுவாங்களா?”

புதுப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன். நாலு ஜெராக்ஸ் எடுத்து ஓடி வந்தேன். மேடமே பெட்டிமேல் கட்டுகளைப் பிரித்துப் போட்டுப் பக்கம் மாற்ற ஒத்தாசை செய்தார். மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கி, எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். ஸ்பைரல் மாட்டி அலுவலகத்தில் நீட்டியபோது மணி நாலாகப் பத்து நிமிடம். கிளார்க் ரசீதில் சீல் குத்தினார்.

சாயங்காலம் அம்மா உள்ளே நுழையும்போதே கேட்டார். “என்னாச்சு கண்ணு?”

“பாஸ்மா. திங்கக்கெழம வேலைக்குச் சேர்றேன்.”

“ரிஜக்ட் எத்தனை?”

“அஞ்சு பக்கம்.”

“அஞ்சா? நான் ஒண்ணத்தான ரிஜக்ட்டுன்னேன்?”

“மத்த நாலும் மேடம் கண்டுபுடிச்சாங்கம்மா.”

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “தேவலயே” என்றார், “அந்தம்மாளுக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்குது.”