சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

ராயப்பன்பட்டியில் மதலேனாளைச் சண்டைக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போனால், பந்தலுக்குக் கீழே அவள் நிற்கிற பக்கம்தான் பேச்சும் கும்மாளமும் இருக்கும். அப்படிப்பட்டவள் தன் கொழுந்தன் மனைவி ரீட்டாவோடு மட்டும் இரண்டு வருஷமாகப் பேசவில்லை.

ஒருநாள் மதலேனாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனாள். தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து மொட்டைமாடியில் ரீட்டா காயப்போட்டிருந்த மிளகாயெல்லாம் நனைந்துவிட்டது. "வேணும்னேதான் தண்ணிய விட்டாக" என்று ரீட்டா தெருவில் நின்று சொன்னாள். "ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாரு" என்றாள் இவள். அதோடு பேச்சு நின்றது. இவள் கணவன் மரிய ஜோசப்பும், அவன் தம்பியும் ரீட்டாவின் கணவனுமான ஆண்டனி ராஜும் மட்டும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை ஒட்டித்தான் இரண்டு டிவியும். ராத்திரி எட்டரை மணிக்கு இரண்டிலும் 'சம்பந்தி சமேதம்' நாடகம் ஓடும். ஒரே வாடகை வீட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு சம்பந்திகள், பேப்பரை யார் முதலில் படிப்பது, குளியலறைக்கு யார் முதலில் போவது என்று தினமும் முட்டிக்கொள்வார்கள். நடுவில் மருமகள் செல்வி இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டு ஐஸ்கிரீம் தின்னப் போய்விடுவாள். ஆறு வருஷமாக ஊரே பார்த்துச் சிரித்தது.

ரீட்டா வீட்டில் கேபிள், மதலேனாள் வீட்டில் டிஷ். கேபிளில் எல்லாம் ஒரு மூச்சு முந்தி வரும். சுவருக்கு அந்தப் பக்கம் ரீட்டா சிரித்தால், இந்தப் பக்கம் மதலேனாள் சிரிக்கத் தயாராகிவிடுவாள். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக அது இல்லாமல் பார்க்கவே பிடிக்கவில்லை. ரீட்டா காய்ச்சலில் படுத்த வாரம் நாடகமே சப்பென்றிருந்தது. மிளகு ரசம் வைத்து, "நான் குடுத்தேன்னு சொல்லிறாதீக" என்று கணவன் கையில் கொடுத்தனுப்பினாள்.

கடைசி நாள் வந்தது. செல்விக்குக் குழந்தை பிறக்கும், எந்தத் தாத்தா பேரை வைப்பது என்று பெரிய ரகளை நடக்கும் என்று மதலேனாள் எதிர்பார்த்தாள். சீக்கிரமே சோறாக்கி முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பே வரவில்லை. திடீரென்று, "அடப் பாவிகளா!" என்று ஒரு கத்தல்.

மதலேனாள் டிவிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மூச்சில் அவள் திரையிலும் அது வந்தது. செல்வியைக் கட்டிய மாப்பிள்ளைப் பையன் ஏதோ ஒரு மேன்ஷன் அறையில் கண்விழித்து எழுந்தான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சம்பந்தியும் இல்லை, செல்வியும் இல்லை. எல்லாம் கனவாம். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

மரிய ஜோசப் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மதலேனாள் சுவரில் படார் படாரென்று தட்டினாள்.

"ஏ ரீட்டா! அவன் தூங்குனதையா ஆறு வருசமா உக்காந்து பாத்தோம்?"

ரீட்டாவும் அந்தப் பக்கமிருந்து சுவரில் தட்டினாள். பிறகு குரல் வந்தது.

"அதான யக்கா! அந்தச் செல்விப் புள்ளைய இல்லேன்னுட்டானே!"

"இங்கன வாடி, வயிறு எரியுது எனக்கு!"

ரீட்டா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கதை எழுதியவனை இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். பேரனுக்கு என்ன பேர் வைத்திருக்கலாம் என்பதில் கொஞ்சம் கருத்து வேறுபாடும் வந்தது. ஆண்டனி ராஜ் வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தான். அண்ணன் உதட்டில் விரலை வைத்துப் பேசாதே என்று காட்டினான்.

அடுத்த ஞாயிறு பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பூசைக்குப் போனார்கள். மாதா சிலை இருக்கிற கெபியில் மதலேனாள் கூடுதலாக ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

"இது யாருக்கு யக்கா?"

"அந்தக் கதை எழுதுனவனுக்கு. இனிமே அவனுக்குக் கனவே வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ரீட்டா சிரித்தாள். மதலேனாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.