வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம்

கருவாடு காயும் வாசனையோடு விடிகிற சல்லி என்ற மீனவக் கிராமத்தில், புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது, நோர்வேயிலிருந்து மாமா அனுப்பிய ஓர் அட்டைப் பெட்டியோடுதான். விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்கென்று வலக்கைக்கு ஒரு ஜொய்ஸ்டிக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க இடக்கைக்கு ஒரு த்ரொட்டிலும் அதற்குள் இருந்தன. எனக்கு அப்போது பதினொரு வயது. எதையும் பிறரிடம் கேட்டுச் செய்வதை இழுக்கென்று எண்ணிய வயது. அவற்றோடு வந்த பிடி எங்கள் மேசையின் தடித்த பலகைக்குப் போதாமற்போகவே, அப்பாவின் "தங்கூசி" நைலோன் நூலால், வலைக்குப் போடும் முடிச்சையே போட்டு இரண்டையும் இறுக்கிக் கட்டினேன்.

அப்பா கடற்றொழிலாளி. காலையில் கரையேறி, மீனை விற்று, உறங்கி எழுந்தபின் என்னோடு இருக்க அவருக்கு வாய்த்தது மாலையில் ஒரு மணி நேரமே. அந்த நேரத்தில் அவரை என் பக்கத்துக் கதிரையில் அமர்த்திவிட வேண்டும் என்பதே என் ஆசை. அமர்ந்தார். த்ரொட்டிலை முன்தள்ளி, சீனன்குடா ஓடுபாதையிலிருந்து விமானத்தை அழகாகவே எழுப்பினார். ஆனால், துறைமுகத்துக்கு மேலே திரும்பவேண்டிய இடத்தில் அது அவர் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து மலையில் மோதியது. அடுத்த இரண்டு மாலைகளும் அப்படியே. போட் இஞ்சினின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் போட் இடப்பக்கம் திரும்பும். அத்தனை ஆண்டுகளாக அந்தக் கைக்குத் தெரிந்தது அதுதான். மூன்றாம் நாள் நான் சிரித்துவிட்டேன்.

"எனக்கு இது ஏலாது பிள்ளை. நீங்களே ஓட்டுங்கோ," என்று எழுந்து போனவர், மறுநாள் மாலை வரவில்லை.

அவர் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருக்க, நான் செட்டிங்கைத் திறந்து, திரும்பும் திசையைத் தலைகீழாக்கும் கட்டத்தில் ஒரு சரி அடையாளம் போட்டேன். "இன்னொருக்கா வந்து பாருங்கோ அப்பா." வந்தார். விமானம் அவர் சொற்கேட்டுத் திரும்பியது. துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, திரையில் வெறும் மணற்கோடாகத் தெரிந்த கரையைக் காட்டி, வலைகள் வைக்கும் எங்கள் குடிலே அங்கு தெரிவதுபோல், "அந்தா, எங்கட மீன்வாடி," என்றார்.

நானும் அப்படியே ஓட்டிப் பழகினேன். அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது, நகரிலிருந்த வகுப்புத் தோழியின் வீட்டில். பேச்சுப்போட்டியில் வென்ற மிதப்பில், எந்த விமானத்தையும் இறக்கிக் காட்டுவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தவள் நான். அவளுடைய ஜொய்ஸ்டிக்கோ ஊருலகத்தில் எல்லோரும் வைத்திருப்பது போன்றது. என் விமானம் நேரே கடலுக்குள் போனது.

"மேடையில பறக்கிற ஆள், இப்ப மீன் பிடிக்கப் போயிட்டா," என்றாள் தோழி. சூழ நின்றவர்கள் சிரித்த சிரிப்பு சல்லி வரை என் கூடவே வந்தது.

அந்தச் சரியை அழித்துவிடுவதென்றே வீட்டில் வந்து அமர்ந்தேன். பின்னால் கதிரை இழுபட்டது.

"என்ன, இண்டைக்கு எனக்குத் தரமாட்டீங்களோ?" என்றார் அப்பா.

எந்த வாதத்திலும் விட்டுக்கொடுத்தறியாத நான், எழுந்து இடம்விட்டேன்.

ஆண்டுகள் பல போய்விட்டன. இன்று எங்களிடம் போட் இல்லை. முதுகுவலியால் அப்பா கடலை விட்டுவிட்டார். பழைய கணினியும் போய்விட்டது. தங்கூசி அறுத்த தழும்பு மட்டும் மேசை விளிம்பில் இருக்கிறது. சென்ற மாதம் அலுமாரியிலிருந்து அந்த ஜொய்ஸ்டிக்கை எடுத்து என் மடிக்கணினியில் பொருத்தினேன். அப்பா கைவைத்தார். விமானம் மலையை நோக்கிச் சாய்ந்தது.

"இது பழுதாப் போச்சு பிள்ளை."

"ஓம் அப்பா, பழுதுதான். கொஞ்சம் இருங்கோ," என்று சொல்லி, அவர் பார்க்காதபடி திரையைச் சற்றே என் பக்கம் திருப்பினேன்.