கிளினிக்கில் கேட்ட கேள்வி

கணவர் இறந்த பிறகு, மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் தனியாகத்தான் இருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கடைத்தெருவில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள்.

மாத்தளை ஆஸ்பத்திரி பிரஷர் கிளினிக்கில்தான் ராமையா மாஸ்டரை மறுபடி பார்த்தேன். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் என்னோடு கணக்குப் படிப்பித்தவர். மனைவியை இழந்திருந்தார். மாதாமாதம் எனக்கும் இடம் பிடித்து வைப்பார். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பாடவைத்த நாட்களைப் பேசிச் சிரிப்போம்.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "நீங்களும் தனியா சமைக்கிறீங்க, நானும் தனியா சமைக்கிறேன். கல்யாணம் பண்ணிக்குவோமா டீச்சர்?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த மாதம் கிளினிக்குக்கே போகவில்லை. கண்டியிலிருந்து வந்த மகள், மருந்து தீர்ந்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இந்த வயசுல எதுக்குடி? ஊரு சிரிக்கும்."

அவள் காலி மருந்துப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும்மா. அவரு பேரச் சொல்றப்ப நீங்களே சிரிச்சீங்க."

அடுத்த கிளினிக் நாளில் நானே அவரிடம் சரி என்றேன். கோயிலில் எளிமையாகக் கல்யாணம் முடிந்தது. அவர் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு மறந்துவிட்டது. வாழ்ந்து முடித்துவிட்டதாக நான்தான் அவசரப்பட்டு நினைத்திருக்கிறேன்.